‘ரெட் ஒயின்னா இனிக்கும்ல?’ - நாசிக்கின் சிவப்பு ஒயின்களில் எது எப்படி? ஏன் துவர்க்கிறது? கம்பத்தில் ஏன் இல்லை?

அனகாபுத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பல்லாவரம் - குன்றத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெரு. ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட வீடு. சென்னையில் உள்ள டாஸ்மாக் எலைட் கடையிலிருந்து ஒரு ரெட் ஒயின் பாட்டிலோடு வருகிறார் அண்ணன் மகன். லேபிளில் ‘நாசிக்’ என்று இருக்கிறது. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறார்.

“என்னடா தம்பி, கெட்டுப்போனதைத் தலையில கட்டிட்டானா? ஒயின்னா இனிக்கும்ல?”

“இல்ல சித்தப்பா, இது இப்படித்தான் இருக்கும்.”

“இப்படித்தான்னா, எப்படி?”

இந்தக் கேள்விக்கு அண்ணன் மகனிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இருக்காது. காரணம், தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்ற சொல் தெருவுக்குத் தெரு புழங்கினாலும், அங்கே ஒயின் வாங்கப் போகிறவர்கள் மிகக் குறைவு. நமக்குத் தெரிந்த ஒயின் இரண்டுதான். ஒன்று, கோவா போய் வந்தவர்கள் கொண்டாடும் இனிப்பான ‘போர்ட்’. இன்னொன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் சில வீடுகளில் திராட்சை, சர்க்கரை, கிராம்பு போட்டு ஊறவைப்பது. இரண்டும் இனிக்கும்.

நாசிக் ஒயின் அப்படி இல்லை. அது கெட்டுப்போகவும் இல்லை. பிறகு ஏன் அந்தச் சுவை? இந்தியாவின் ‘ஒயின் தலைநகரம்’ என்று நாசிக்கை ஏன் சொல்கிறார்கள்? அங்கிருந்து வரும் சிவப்பு ஒயின்களில் எவை பேர் வாங்கியவை? பார்ப்போம்.

சிவப்பு ஒயின் ஏன் இனிப்பதில்லை?

பழுத்த திராட்சையில் சர்க்கரை நிறைய இருக்கும். அதை நசுக்கி வைத்தால் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். சர்க்கரை முழுவதும் தீரும்வரை நொதிக்க விட்டால் கிடைப்பது ‘டிரை’ ஒயின். அதாவது இனிப்பு இல்லாத ஒயின். உலகில் பேர்பெற்ற சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

போர்ச்சுகல்லின் உண்மையான போர்ட் ஒயினில் நொதித்தலைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். திராட்சையிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டைக் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிக்கிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்தியாவில் ‘போர்ட்’ என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்பவை பெரும்பாலும் இந்த முறையைப் பின்பற்றாமல் இனிப்பாக்கப்பட்டவை.

ஆக, சித்தப்பா எதிர்பார்த்தது ஒரு வகை. அண்ணன் மகன் வாங்கி வந்தது இன்னொரு வகை. பாட்டில் மேல் தப்பில்லை.

அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது?

திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால்கூட பெரும்பாலான ரகங்களில் சாறு வெளிறித்தான் இருக்கும். நிறம் இருப்பது தோலில். சிவப்பு ஒயின் செய்யும்போது சாற்றோடு தோலையும் சேர்த்தே நொதிக்க விடுவார்கள். அப்போது நிறத்தோடு ‘டானின்’ என்ற பொருளும் இறங்கும்.

டானின் என்றால் என்ன சுவை? இதற்குத் தமிழர்களுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. நாவல் பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுதான். பால் ஊற்றாமல் ரொம்ப நேரம் கொதிக்கவிட்ட டீ, பாக்கு, வாழைப்பூ என்று எல்லாவற்றிலும் இருப்பது அதே துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணி வைத்திருக்கும் சுவை. சிவப்பு ஒயினை முதல்முறை சுவைப்பவர் இனிப்பைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். துவர்ப்பு, லேசான புளிப்பு, பழ வாசனை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

சில ஒயின்களை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்து எடுப்பார்கள். வெனிலா, புகை, வறுத்த காபி போன்ற வாசனைகள் அந்த மரத்தால் வருபவை. லேபிளில் ‘ரிசர்வ்’ என்று இருந்தால் பெரும்பாலும் பீப்பாய் பார்த்த ஒயின் என்று பொருள். ஆனால், இந்தியாவில் இந்தச் சொல்லுக்குக் கறாரான சட்ட வரையறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவில் பயன்படுத்துகிறது.

ஏன் நாசிக்?

நாசிக் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ராமாயணத்துப் பஞ்சவடி, கும்பமேளா, லாசல்காவ் வெங்காயச் சந்தை. அதே வெங்காய மாவட்டம்தான் திராட்சை மாவட்டமும். கோதாவரி உற்பத்தியாகும் திரியம்பகேஸ்வர் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள தக்காண மேட்டு நிலம்.

இந்த உயரம் முக்கியம். குளிர்காலத்தில் நாசிக்கில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தாலும், இரவில் 10 டிகிரி பக்கம் இறங்கிவிடும். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும். இரவுக் குளிர் புளிப்பு குறையாமல் காக்கும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும். புளிப்பு போய்விட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

ஐரோப்பாவில் கோடையில் காய்த்து செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நாசிக்கில் இது தலைகீழ். மழைக்காலத்தில் பழம் இருந்தால் அழுகிவிடும் என்பதால் ஏப்ரல் வாக்கில் ஒருமுறை, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு முறை என்று கொடியை இருமுறை கவாத்து செய்கிறார்கள். ஆனால் அறுவடை ஒன்றுதான், ஜனவரி முதல் மார்ச் வரை. குளிர்காலத்தில் பழுக்க வைக்கும் இந்த உத்திதான் நாசிக் ஒயினின் அடிப்படை.

வானிலை மட்டும் போதவில்லை, அரசும் கை கொடுத்தது. மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. மாநிலத்தில் விளைந்த திராட்சையில் செய்யும் ஒயினுக்கு ஆயத்தீர்வையில் சலுகை கிடைத்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா வந்தது. அதற்குச் சற்று முன்பே, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ராஜீவ் சமந்த், நாசிக்கில் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டு, 2000-ல் ‘சூலா’ என்ற பெயரில் ஒயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சூலா என்பது அவருடைய அம்மா சுலபாவின் பெயரிலிருந்து வந்தது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. ‘நாசிக் வேலி ஒயின்’ என்பதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

நாசிக்கின் கவனிக்கத்தக்க சிவப்பு ஒயின்கள்

இனி பட்டியல். விலை மாநிலத்துக்கு மாநிலம், வரிக்கு வரி மாறும் என்பதால் தொகை தரவில்லை. எளிதானதிலிருந்து கனமானதை நோக்கி வரிசை போகிறது.

1. சூலா ஷிராஸ் கேபர்நே: முதல்முறை சுவைப்பவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடம். ஷிராஸ், கேபர்நே சாவிஞான் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் கலவை. பழ வாசனை முன்னால் நிற்கும், துவர்ப்பு மிதம். பெரிய ஆழம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், ‘டிரை ரெட்’ என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இது போதும்.

2. சூலா திண்டோரி ரிசர்வ் ஷிராஸ்: நாசிக்குக்கு வடக்கே உள்ள திண்டோரி வட்டத்தின் பெயரைத் தாங்கியது. ஓக் பீப்பாயில் வைத்து எடுக்கப்படுவது. ஷிராஸ் திராட்சையின் அடையாளமே மிளகு வாசனைதான். அது இதில் தெளிவாகத் தெரியும். ‘இந்திய ரெட் ஒயினில் ஒன்று சொல்லுங்க’ என்றால் பலர் வாயிலும் முதலில் வருகிற பெயர்களில் இது ஒன்று.

3. ரெவெய்லோ நீரோ டாவோலா: நிபாட் வட்டத்தில் உள்ள திராட்சை விவசாயக் குடும்பம் தொடங்கிய ஆலை. நீரோ டாவோலா என்பது இத்தாலியின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவின் ரகம். பிரெஞ்சு ரகங்களையே எல்லோரும் நட்டுக்கொண்டிருந்தபோது, வெயிலுக்குப் பழகிய ரகத்தைத் தேடிப் போனதுதான் இதன் சிறப்பு. ஷிராஸிலிருந்து மாறுபட்ட ஒன்றைத் தேடுபவர்களுக்கு.

4. வலோனே மால்பெக்: இகத்புரி பக்கம் முக்னே அணைக்கட்டு நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஆலை வலோனே. மால்பெக் பிரான்ஸில் பிறந்து அர்ஜென்டினாவில் புகழ்பெற்ற திராட்சை. அடர்ந்த நிறம், நாவல் பழத்தை நினைவூட்டும் சுவை. இந்தியாவில் மால்பெக் செய்பவர்கள் குறைவு.

5. யார்க் ஆரோஸ்: கங்காபூர் அணைப் பக்கத்தில் உள்ள யார்க் ஆலையின் உச்ச ஒயின். ஷிராஸ், கேபர்நே கலவை. பீப்பாயில் நீண்ட காலம் இருப்பது. யார்க் என்பது இங்கிலாந்து ஊர்ப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆலையைத் தொடங்கிய குர்னானி குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். 2021-ல் சூலா இதை வாங்கிவிட்டது.

6. குரோவர் ஸம்பா ஷேன்: ஸம்பா நாசிக் ஆலை, பெங்களூருவின் குரோவர் நிறுவனத்தோடு 2012-ல் இணைந்தது. ‘ஷேன்’ என்றால் பிரெஞ்சில் ஓக் மரம். பெயருக்கேற்ப மர வாசனை கொண்ட, கனமான ஒயின். ஸ்பெயின் நாட்டு ரகமான டெம்ப்ரானிலோ இதில் முக்கியம். நாசிக் மண்ணுக்கு இந்த ரகம் நன்றாகப் பொருந்துகிறது என்பது ஒயின் வட்டாரங்களில் அடிக்கடி சொல்லப்படும் கருத்து.

7. சூலா ராசா: சூலாவின் மேல்தட்டு வரிசை. ஷிராஸிலும் கேபர்நேயிலும் வருகிறது. ‘ரசம்’ என்ற அதே சொல்தான் பெயர். கொண்டாட்டத்துக்கு, பரிசுக்கு என்று வாங்குபவர்கள் அதிகம். முதல் ஒயினாக இதைத் திறப்பது சரியான தேர்வு இல்லை. துவர்ப்பும் மரமும் பழகிய நாக்குக்குத்தான் இதன் வித்தியாசம் தெரியும்.

நாசிக் மட்டும்தானா?

இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று பெயர்களையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலிய, இந்திய சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஃப்ராடெல்லி’. பெயரின் பொருளே சகோதரர்கள்தான். அவர்களுடைய ‘செட்டே’, இத்தாலியின் சாஞ்சியோவேசே ரகமும் கேபர்நேயும் கலந்தது. அடுத்தது, நமக்குப் பக்கத்தில் உள்ள நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் செய்யும் ‘லா ரிசர்வ்’. 1990-களிலேயே பிரான்ஸின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷெல் ரோலானை அழைத்து உருவாக்கியது. மூன்றாவது, ஹம்பி மலைப்பகுதியில் இருந்து வரும் ‘கிருஸ்மா’ கேபர்நே சாவிஞான். குறைந்த அளவிலேயே தயாராகிறது.

லேபிளில் என்ன பார்க்கணும்?

நான்கு விஷயங்கள் போதும்.

முதலில் திராட்சை ரகத்தின் பெயர். வெறுமனே ‘ரெட் ஒயின்’ என்று மட்டும் இருந்து, ரகம் எதுவும் சொல்லவில்லை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஊர். ‘இந்தியா’ என்பதைவிட ‘நாசிக்’, நாசிக்கைவிட ‘திண்டோரி’ என்று இடம் குறுகக் குறுக, தயாரிப்பாளர் பொறுப்பெடுத்துக்கொள்கிறார் என்று பொருள். நைஜீரியா வரை போன ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ துணியை நெய்த அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பொருளோடு ஊர்ப் பெயரும் சேர்ந்து பயணிக்கும்போதுதான் மதிப்பு ஏறுகிறது.

மூன்றாவது ஆண்டு. அது பாட்டிலில் அடைத்த ஆண்டு இல்லை, திராட்சை அறுத்த ஆண்டு. ‘பழசானா நல்லது’ என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. குறைந்த விலை சிவப்பு ஒயின்களை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திறந்துவிடுவதே சரி.

நான்காவது ஆல்கஹால் அளவு. சிவப்பு ஒயினில் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் இருக்கும்.

தக்கைக்குப் பதில் திருகு மூடி இருந்தால் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வெப்பத்துக்குத் திருகு மூடிதான் பத்திரம்.

சென்னை வெயிலில் எப்படி வைப்பது?

‘ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்’ என்று ஒரு விதி உலவுகிறது. அது ஐரோப்பியக் கல்வீட்டு அறை. அங்கே 16 முதல் 18 டிகிரிதான் இருக்கும். அனகாபுத்தூரில் மே மாத அறை வேறு கதை. 33 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அதனால் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பதே சரி.

ஷோகேஸிலோ பீரோ மேலோ மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் வெப்பத்தில் ஒயின் வெந்த பழம் போல ஆகிவிடும். சீக்கிரம் திறக்கப்போவதில்லை என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே மேல். திறந்தபின் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு காடியாகத் தொடங்கும். சித்தப்பா சொன்ன ‘கெட்டுப்போனது’ உண்மையாவது அப்போதுதான்.

எதோடு சாப்பிடலாம்?

டானின் கொழுப்போடும் புரதத்தோடும் சேரும்போது துவர்ப்பு அடங்கும். அதனால்தான் சிவப்பு ஒயினுக்கு இறைச்சி என்று சொல்கிறார்கள். மிளகு வாசனை உள்ள ஷிராஸுக்கு மிளகு போட்ட மட்டன் சுக்கா நல்ல ஜோடி. பனீர் டிக்கா, காளான் மிளகு வறுவலும் பொருந்தும். ஆனால், பச்சைமிளகாய், சிவப்பு மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சல் கூடும். ஆந்திரா மீல்ஸுக்கும் கனமான ரெட் ஒயினுக்கும் ஒத்துவராது.

‘ஒயின்தானே, ஜூஸ் மாதிரி!’ - உண்மையா?

இங்கேதான் கணக்கு போட்டுப் பார்க்கணும். 13 சதவீத ஒயின் 750 மி.லி. பாட்டில் ஒன்றில் உள்ள சுத்த ஆல்கஹால் சுமார் 97 மி.லி. டாஸ்மாக்கில் விற்கும் 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், சுமார் 77 மி.லி. ஆக, ஒரு முழு ஒயின் பாட்டிலைக் காலி செய்பவர் ஒரு குவார்ட்டருக்கு மேலேயே குடித்துவிட்டார். ‘ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டில்’ என்றாலும் ஆளுக்கு அரைக் குவார்ட்டரைத் தாண்டும்.

‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சு 1991-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஒரு நிகழ்ச்சியால் உலகம் முழுக்கப் பரவியது. பிரான்ஸில் கொழுப்பு நிறைய சாப்பிட்டும் இதய நோய் குறைவு, காரணம் ரெட் ஒயின்தான் என்ற வாதம். பிந்தைய ஆய்வுகளில் அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் ஒயினில் இருப்பது மிகச் சொற்ப அளவு. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. உடம்புக்கு நல்லது என்று நினைத்து யாரும் ஒயினைத் தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எண். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒயினுக்கென்று தனிச் சலுகை கிடையாது.

நாசிக் போனால் பாட்டில் வாங்கி வரலாமா?

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பு. விமான நிறுவனம் அனுமதிப்பது வேறு, மாநிலச் சட்டம் அனுமதிப்பது வேறு. வெளிமாநில மதுவை உரிய அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புதுச்சேரி பாட்டிலுக்குப் பொருந்துவது நாசிக் பாட்டிலுக்கும் பொருந்தும்.

நாசிக்கில் பெரும்பாலான ஆலைகள் சுற்றிக்காட்டி, சிறு அளவில் நான்கைந்து ஒயின்களைச் சுவைக்கத் தருகின்றன. அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை போனால் திராட்சை நசுக்குவதையும் பார்க்கலாம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குக் கிண்ணம் கேட்கலாம், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

சென்னையில் டாஸ்மாக் எலைட் கடைகளில் சில நாசிக் ஒயின்கள் கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன எல்லாமும் எல்லா நேரமும் இருக்காது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பனை கிடையாது.

வீட்டிலேயே ஒயின் போடுவதும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதாகவே சட்டத்தின் கண்ணில் படும். நொதிக்கும் ஜாடியை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

சரி, கம்பம் ஏன் நாசிக் ஆகவில்லை?

தமிழ்நாட்டிலும் பேர்பெற்ற திராட்சை ஊர் இருக்கிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லாவரம் மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் வாங்குகிறோமே, அதே திராட்சைதான்.

நாசிக் ஆகாததற்கு முதல் காரணம் சாகுபடி முறை. கம்பத்தில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து அறுவடை எடுக்க முடியும். ஏறத்தாழ ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும். சாப்பிடும் பழத்துக்கு இது வரம். ஒயினுக்கு அப்படி இல்லை. நாசிக்கின் ஒயின் விவசாயி ஆண்டுக்கு ஒரே அறுவடையில் நிறுத்திக்கொள்வது, அந்த ஒன்றில் சாரம் ஏறட்டும் என்பதற்காகத்தான். விளைச்சலைக் குறைத்தால் ஆலை கூடுதல் விலை தரும் என்ற உத்தரவாதம் வேண்டும். அது இல்லாமல் எந்த விவசாயியும் கொடியை வெட்ட மாட்டார்.

இரண்டாவது காரணம் சந்தை. மகாராஷ்டிரத்தில் ஆலையிலேயே சுவைக்கலாம், வாங்கலாம். கொள்கையும் சுற்றுலாவும் சேர்ந்து ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தை உருவாக்கின. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். தேனிப் பக்கம் ஒயின் ஆலைக்கு உரிமம் தரப்பட்டும், பிராந்தியும் பீரும் நிறைந்த அலமாரியில் ஒயினுக்குக் கிடைப்பது ஓர் ஓரம்தான். அதனால் விலை சரியும் மாதங்களில் பழத்தைச் சாறாகவோ ஒயினாகவோ மாற்றி நிற்கும் வழி கம்பம் விவசாயிகளில் பெரும்பாலோருக்கு இல்லை. வியாபாரி சொன்ன விலைதான்.

மூன்றாவது காரணம் ரகம். பன்னீர் திராட்சை என்பது ‘மஸ்கட் ஹாம்பர்க்’. வாசனை தூக்கல், துவர்ப்பு குறைவு. இதில் ஷிராஸ் போலக் கனமான டிரை ரெட் எதிர்பார்க்க முடியாது. ஆனால், இது ஒயினுக்கே ஆகாத பழம் என்றும் சொல்ல முடியாது. சீனாவின் தியான்ஜின் பகுதியில் இதே ரகத்தில் ஒயின் செய்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ‘பிளாக் மஸ்கட்’ என்ற பெயரில் இதே திராட்சையிலிருந்து, சாப்பாட்டுக்குப் பின் சிறு கிண்ணத்தில் பரிமாறும் இனிப்பான சிவப்பு ஒயின் வருகிறது. அதற்கு நல்ல பெயரும் விலையும் இருக்கிறது.

ஆக, கம்பத்திலிருந்து ஒருநாள் பேர்சொல்லும் சிவப்பு ஒயின் வந்தால், அது நாசிக் ஒயினைப் போலத் துவர்க்காது. பன்னீர் வாசத்தோடு இனிக்கும். அனகாபுத்தூர் சித்தப்பா தேடியது அந்த ஒயினைத்தான். அது இன்னும் அந்தக் கடை அலமாரிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.